லூப்ஸ் குறிப்பேடு: முதலில் தூரம், கடைசியில் மடங்கு

மார்ச் 3, 2025, திங்கள்

லூப்ஸ், அதாவது பல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் கண்ணில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடி, வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு?" என்றுதான். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. முதலில் தெரிய வேண்டியது வேலைத் தூரம்: கண்ணிலிருந்து பல்லோ தையலோ இருக்கும் இடம் வரை எத்தனை சென்டிமீட்டர். லூப்பின் குவியம் அந்தத் தூரத்துக்கே அமைக்கப்படுகிறது, பிறகு மாற்ற முடியாது. குறைவாகக் கொடுத்துவிட்டால் தலை கீழே இறங்கும், முதுகு கூனும். அதிகமாகக் கொடுத்துவிட்டால் மோவாய் மேலே எழும், கை நீளும், தோள் வலிக்கும்.

அளவெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஸ்டூலில் பாதம் முழுதும் தரையில் படும்படி, தொடை முட்டியை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும்படி உட்கார வேண்டும். தோள் தளர்ந்து, முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். நோயாளியின் வாய் முழங்கை உயரத்தில், அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. கழுத்தை 20 டிகிரிக்கு மேல் குனிய விடாமல், மீதியைக் கண்ணை இறக்கிப் பார்க்க வேண்டும். இந்த நிலையில் மற்றவர் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து வேலை இடம் வரை டேப் பிடிக்கிறார். எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து, மறுபடி அளவு. நான்கு முறை எடுத்தால் இரண்டாவது மூன்றாவது அளவிலேயே உடம்பு இயல்புக்கு வந்துவிடுவது தெரியும். பெரும்பாலோருக்கு 35 முதல் 50 சென்டிமீட்டருக்குள் வரும். உயரமானவர்களுக்கு 50ஐத் தாண்டும். நின்று அறுவை செய்கிறவர் மேசையை வழக்கமான உயரத்தில் வைத்து நின்றே அளக்க வேண்டும்.

கண்காட்சி அரங்கில் நின்றபடி உள்ளங்கையைப் பார்த்துக் கொடுக்கும் அளவு எதற்கும் உதவாது. அதைவிட மோசம், வருடக்கணக்காகப் பழகிய கூனலோடு உட்கார்ந்து அளவு கொடுப்பது. அப்படி வரும் லூப்ஸில் நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் மங்கல்தான்.

மார்ச் 4, செவ்வாய்

லூப்ஸ் மூன்று வகை.

ஒற்றை லென்ஸ் வகை வெறும் பூதக்கண்ணாடி. அதன் தூரம் பவரோடு கட்டுண்டது: 2.5 டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) என்றால் 40 சென்டிமீட்டர், 4 டையாப்டர் என்றால் 25 சென்டிமீட்டர். மடங்கைக் கூட்ட வேண்டுமானால் முகத்தை நோயாளியின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். எடை குறைவு என்பதற்காக இதை வாங்குவது கழுத்துக்குச் செய்யும் துரோகம்.

கலிலியோ வகையில் முன்னால் குவிலென்ஸ், கண்ணருகே குழிலென்ஸ். பிம்பம் நேராகவே விழுவதால் பட்டகம் (பிரிசம்) தேவையில்லை. குழல் குட்டை, எடை குறைவு. 2 முதல் 3.5 மடங்கு வரை இதுவே போதும். அதற்கு மேல் போனால் பார்வைப் புலம் (ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு) சுருங்கும், ஓரம் மங்கும்.

பட்டக வகை, அதாவது கெப்ளர் அமைப்பு, இரண்டு பக்கமும் குவிலென்ஸ் கொண்டது. பிம்பம் தலைகீழாக விழும். உள்ளே இருக்கும் பட்டகம் அதை நிமிர்த்துகிறது. ஓரம் வரை கூர்மை இருக்கும், 3.5 மடங்குக்கு மேலே இதுதான் வழி. அதற்குக் கொடுக்கும் விலை எடைதான்: குழல் நீளம், கண்ணாடி அதிகம், பாரம் மூக்கின் மேல்.

மார்ச் 7, வெள்ளி

இனி மடங்கு. நல்ல பார்வையுள்ள கண் ஏறத்தாழ ஒரு கலை அளவு கோணத்தைப் பிரித்தறியும். ஒரு கலை என்பது டிகிரியில் 60இல் ஒரு பங்கு. 40 சென்டிமீட்டரில் அது சுமார் 0.12 மில்லிமீட்டர். 2.5 மடங்கு லூப்பில் இது 0.05 ஆகும், 4 மடங்கில் 0.03. தையல் இழையோடு ஒப்பிட்டால் விளங்கும்: 4-0 இழையின் தடிமன் 0.15 மில்லிமீட்டரில் தொடங்குகிறது, 6-0 இழை 0.07இல், 8-0 இழை 0.04இல், 10-0 இழை 0.02இல். பளிச்சென்ற பின்னணியில் மெல்லிய இழை இருப்பது கண்ணுக்குத் தட்டுப்படலாம். முடிச்சின் கண்ணி சரியாக விழுந்ததா என்று பார்ப்பது வேறு வேலை. 10-0 இழையை நுண்ணோக்கிக்கு விட்டுவிடுவதே நல்லது.

பல் மருத்துவத்தில் பரிசோதனை, ஸ்கேலிங் (பல் காறை நீக்கம்), சாதாரண ஃபில்லிங் எல்லாவற்றுக்கும் 2.5 மடங்கு தாராளம். வாயின் பெரும்பகுதி ஒரே பார்வையில் கிடைக்கும். கிரவுனுக்குப் பல்லைச் சீவி விளிம்பை முடிக்க 3 அல்லது 3.5. ரூட் கெனாலில், மேல் கடைவாய்ப் பல்லின் முன்பக்கக் கன்னப்புற வேரில் இருக்கும் இரண்டாவது மீசியோபக்கல் கால்வாயைத் தேடுகிறவருக்கு 4க்கு மேல் வேண்டும். ஆனால் 6 மடங்கில் ஒன்றிரண்டு பற்களே புலத்தில் நிற்கும், மூச்சு விட்டால் படம் ஆடும். முதல் லூப்புக்கு 2.5 அல்லது 3க்கு மேல் போக வேண்டாம் என்பதே இந்தக் குறிப்பேட்டின் கட்சி.

பெட்டியில் அச்சடித்த மடங்கை அப்படியே நம்பவும் வேண்டாம். மில்லிமீட்டர் கிராஃப் தாளை வேலைத் தூரத்தில் வைத்து, ஒரு கண்ணால் குழல் வழியாகவும் மறு கண்ணால் வெறுமனேயும் பாருங்கள். குழலில் தெரியும் 10 கட்டங்களின் நீளத்தில் வெறுங்கண்ணின் 25 கட்டங்கள் அடங்கினால் அது 2.5 மடங்கு. இரண்டு தயாரிப்புகளை இப்படிச் சோதித்தால் ஒரே எண் போட்டிருந்தும் வேறு வேறு உருப்பெருக்கம் வருவது உண்டு.

மார்ச் 11, செவ்வாய்

சாய்வுக் கோணம். இதை விற்பவரும் பேசுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. தலை நேராக இருக்கும்போது குழல் எவ்வளவு கீழ்நோக்கிப் பார்க்கிறது என்பதே இது. குழல் கீழே எவ்வளவு சாய்கிறதோ, அவ்வளவு குறைவாகக் கழுத்து குனிந்தால் போதும்.

லென்ஸில் துளையிட்டுக் குழலைப் பதிக்கும் வகை லேசானது. குழல் கண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் புலமும் அகலம். ஆனால் சாய்வு, கண்மணி இடைவெளி (இரு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம்) எல்லாம் தொழிற்சாலையிலேயே பூட்டப்படும். ஃபிரேம் உயரம் குறைவாக இருந்தால் குழலைக் கீழே இறக்க இடமே இராது, ஆகவே அழகான ஒல்லி ஃபிரேமைத் தேர்ந்தெடுத்த அன்றே கோணமும் பறிபோய்விடும். பவர் மாறினால் திருப்பி அனுப்ப வேண்டும்.

மேலே மடக்கும் வகையில் சாய்வையும் இடைவெளியையும் கையாலேயே மாற்றலாம். கண்ணாடிக் கடையிலேயே பவர் லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம். குறை: பாரம் முகத்துக்கு முன்னே தள்ளி நிற்கிறது, கீல் திருகு மெல்ல மெல்லத் தளர்கிறது. ஒரு குழல் அரை மில்லிமீட்டர் இறங்கினாலே கண் எரிச்சல் தொடங்கும். மடக்கும்போது கையுறை படும் பிடிக்கு மாற்று உறை வேண்டும், இல்லையென்றால் கையுறை சுத்தமாக இருப்பதில் அர்த்தமே இல்லை.

இப்போது மூன்றாவதாக, பட்டகத்தால் ஒளியை வளைத்துத் தரும் லூப்ஸ் வந்திருக்கின்றன. தலை நேராக எதிரே பார்த்திருக்க, பார்வை மட்டும் கீழே போகும். கழுத்து வலி முற்றியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கை ஓரிடத்திலும் பார்க்கும் திசை வேறிடத்திலும் இருப்பதால் பழக நாளாகும்.

மார்ச் 12, புதன்

கண்மணி இடைவெளியை மொத்தமாக அளக்காமல், மூக்கின் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக அளக்க வேண்டும். முகம் யாருக்கும் சமச்சீர் இல்லை. இடைவெளி 64 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 சென்டிமீட்டரில் இரண்டு கண்ணும் சேர்ந்து சுமார் 9 டிகிரி உள்நோக்கித் திரும்புகின்றன, 50 சென்டிமீட்டரில் சுமார் 7. குழல்களும் அதே கோணத்தில் கூட வேண்டும். தூரத்தைத் தவறாகக் கொடுத்தால் இந்தக் கோணமும் சேர்ந்து தவறும்.

சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் மங்கும் குறைக்கான பவர்) இருப்பவர்கள் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. உருப்பெருக்கம் அந்தக் குறையைத் தீர்க்காது, பெரிதாக்கித்தான் காட்டும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்குக் குழலுக்குள் தூரப் பார்வை பவரும், சுற்றியுள்ள லென்ஸின் கீழ்ப்பகுதியில் படிக்கும் பவரும் வேண்டும். ட்ரேயில் கருவியைப் பார்க்க அது இல்லாமல் முடியாது.

வயதைப் பற்றி ஒன்று. குழல் வழியே பார்க்கும்போது கண் செய்ய வேண்டிய குவிப்பு வேலை, தோராயமாக மடங்கின் வர்க்கத்தால் பெருகுகிறது. 40 சென்டிமீட்டருக்கு அமைத்த 2.5 மடங்கு லூப்பில் 37.6 சென்டிமீட்டருக்கு நெருங்கினாலே கண் 1 டையாப்டர் கூடுதலாக உழைக்க வேண்டும். 4 மடங்கில் 1 சென்டிமீட்டர் நெருங்கினாலே அவ்வளவு. இளம் கண் 4 டையாப்டரைச் சிரமம் தெரியாமல் செலவழிக்கும், ஆகவே 2.5 மடங்கில் 32 சென்டிமீட்டர் வரை குனிந்தும் படம் தெளிவாகவே இருக்கும். மாணவர்கள் லூப்ஸ் போட்டும் கூன் போடுவதற்கும், மாலையில் தலை கனப்பதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. "தெளிவாகத் தெரிகிறது" என்பது தூரம் சரி என்பதற்குச் சான்று ஆகாது. வெள்ளெழுத்துக் கண்ணோ தூரம் தவறினால் அப்போதே மங்கலைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏப்ரல் 21, திங்கள்

லூப்ஸ் வந்ததும் பார்க்க வேண்டியவை. மூக்குப் பட்டையைச் சரிசெய்து, பின்வாரை இறுக்கி, வேலைத் தூரத்தில் அச்சடித்த தாளைப் பாருங்கள். இரண்டு வட்டங்களும் ஒரே முழு வட்டமாகக் கலக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டாகத் தெரிந்தால் கண்மணி இடைவெளியில் பிழை. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் ஃபிரேம் கண்ணைவிட்டுத் தள்ளி நிற்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது, மூக்குப் பட்டையில் பாதி தீரும். ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடும்போது படம் மேலும் கீழும் குதித்தால் திருப்பி அனுப்புங்கள். பக்கவாட்டுப் பிழையைக் கண் ஓரளவு சமாளிக்கும், மேல்கீழ் பிழையைச் சமாளிக்காது. "பழகினால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பிறகு டேப்பை எடுத்து, மிகத் தெளிவான இடம் கேட்ட தூரத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் குறைவு.

ஏப்ரல் 23, புதன்

முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். பரிசோதனை, பாலிஷிங் போன்ற அவசரமில்லாத வேலைகள். கையின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். கை மோசமாகிவிடவில்லை, முன்பு தெரியாதது இப்போது தெரிகிறது. போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம், படி இறங்கவே வேண்டாம்.

ஊசிதான் ஆபத்து. புலத்துக்கு வெளியே கையும் ஊசி முனையும் கண்ணுக்கு இல்லை. ஊசியை வாங்கும்போதும் மூடி போடும்போதும் குழலுக்கு மேலாகப் பார்க்க வேண்டும். உதவியாளர் கருவியை உள்ளங்கையில் அழுத்தி வைக்கப் பழக வேண்டும். காற்றில் நீட்டினால் தேட வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 30, புதன்

மவுத் மிரர் வழியே பார்க்கும்போது கண்ணிலிருந்து மிரர் வரையும், மிரரிலிருந்து பல் வரையும் சேர்த்துத்தான் வேலைத் தூரம். மிரரின் கீறலும் எச்சில் துளியும் கூர்மையாகத் தெரிந்து பல் மங்கினால், குவியம் மிரர் பரப்பில் நிற்கிறது. தலையைக் கொஞ்சம் முன்னே கொண்டுவரவும். சாதாரண மிரரில் பூச்சு கண்ணாடியின் பின்புறம் இருப்பதால் இரட்டைப் பிம்பம் வரும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அது லூப்பில் தெரியும். முன்பரப்பில் பூச்சுள்ள மிரருக்கு மாறிவிட வேண்டும். துடைக்கும்போது கீறல் எளிதில் விழும் என்பதால் மற்றக் கருவிகளோடு போட்டு உருட்டக்கூடாது.

மே 5, திங்கள்

மடங்கு கூடக் கூட வெளிச்சம் போதாமல் போகும். மேலே தொங்கும் விளக்கில் தலையின் நிழல் விழுகிறது. நெற்றி நடுவில் குழல்களுக்கு இடையே இருக்கும் எல்.இ.டி. ஹெட்லைட்டில் நிழல் பொருளுக்குப் பின்னே மறைந்துவிடும். விளக்கு பார்வைக் கோட்டுக்கு 3 சென்டிமீட்டர் மேலே இருந்தால், 40 சென்டிமீட்டரில் சேர அது 4 டிகிரிக்குச் சற்று அதிகமாகக் கீழே சாய வேண்டும். சுவரைப் பார்த்துச் சரிசெய்தால் வாயில் வெளிச்சம் தவறும். வேலைத் தூரத்தில் வெள்ளைத் தாளை வைத்து ஒளி வட்டத்தின் நடுவைப் பார்வையின் நடுவோடு பொருத்த வேண்டும். நோயாளியின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அவசியம்.

காம்போசிட் (நீல ஒளியில் கெட்டியாகும் பல் நிரப்புப் பொருள்) வைக்கும்போது ஆரஞ்சு ஃபில்டரை இறக்க மறக்கக்கூடாது. காம்போசிட்டைக் கெட்டியாக்க அதில் சேர்க்கும் கேம்ஃபர்குவினோன் 468 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை அதிகம் உறிஞ்சுகிறது, வெள்ளை எல்.இ.டி.யில் நீலத்துக்குப் பஞ்சமில்லை. ஃபில்டர் இல்லாமல் வடிவம் கொடுத்துக்கொண்டிருந்தால் பொருள் பாதியிலேயே கெட்டியாகி, அடியில் இடைவெளி விட்டுவிடும். நிறம் பார்ப்பதை மட்டும் அதற்கு முன்பே, பல் உலர்வதற்குள், ஹெட்லைட் இல்லாமல் முடித்துவிட வேண்டும்.

கம்பியில்லா விளக்கு வசதிதான், ஆனால் பேட்டரியும் மூக்கில் ஏறும். கம்பி உள்ளதைப் பின்கழுத்து வழியே விட்டுச் சட்டைக் காலரில் கவ்வ வைத்தால் இழுக்காது.

மே 9, வெள்ளி

பராமரிப்பு, சுருக்கமாக. முதலில் காற்று ஊதித் தூசியை அகற்றுங்கள். தூசியோடு துடைத்தால் பூச்சில் கீறல். பிறகு கிருமிநாசினியைத் துணியில் நனைத்துத் துடைக்கவும். குழல் மேல் நேராகத் தெளித்தால் விளிம்பு வழியே உள்ளே இறங்கி மூடுபனியாக நின்றுவிடும். ஆட்டோகிளேவ், அல்ட்ராசோனிக் தொட்டி, ஊறவைத்தல், அசிட்டோன் நான்கும் கூடாது.

லென்ஸில் ஆவி படிந்தால் குற்றம் முகக்கவசத்தின் மேல் விளிம்பில். மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, தேவையானால் டேப் ஒட்டி, அதற்கு மேல் லூப்ஸ் உட்கார வேண்டும்.

லேசர் பயன்படுத்துகிறவர்கள் குழலின் கண்ணாடியே பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். 1064 நானோமீட்டர் கதிர் சாதாரண ஒளியியல் கண்ணாடியில் தாராளமாக ஊடுருவும். பயன்படுத்தும் அலைநீளத்துக்கும் உரிய ஒளி அடர்த்திக்கும் (கதிரை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) செய்த செருகு, அதாவது லூப்பில் பொருத்தும் வடிகட்டி, வேண்டும். பக்கவாட்டு இடைவெளியும் மூடியிருக்க வேண்டும். டையோடு லேசருக்கு வாங்கிய செருகை இன்னொரு லேசருக்குப் போடுமுன் அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள்.