முட்டை மஞ்சளில் ஒரு ஃபிளாரன்ஸ் முகம்: நான்காவது பலகை வரை

மூன்று மாதமாக மாலை நேரங்களை ஒரே முகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். 15ஆம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர் ஃபிலிப்போ லிப்பி தீட்டிய மரியாளின் முகம் அது. மூலப்படம் அதே ஊரில் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் மேசையில் இருப்பது ஒரு சாண் உயரப் பலகையில் அந்த முகமும் கழுத்தும் மட்டும். இது நான்காவது பலகை.

அந்த நூற்றாண்டைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். புருனெல்லஸ்கி கட்டிய பேராலயக் குவிமாடம் 1436இல் முடிந்ததும், அதற்கு ஓராண்டு முன் ஆல்பெர்ட்டி ஓவியக் கலைக்கு இலக்கணம் எழுதியதும் நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் படித்துப் பிடிபடவில்லை. அந்த முகங்களில் ஏன் அத்தனை தெளிவு? பிற்கால எண்ணெய் ஓவியங்களில் நிழல் புகைபோலக் கரைகிறது. இவற்றிலோ கன்னத்தின் விளிம்பு விடிகாலை வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் துலங்குகிறது. முட்டை மஞ்சள்கருவில் வண்ணம் குழைத்த காலம் அது. அதை நானும் குழைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வழிகாட்டி சென்னினோ சென்னினி. ஏறத்தாழ 1400இல் ஓவியப் பட்டறையின் வேலைமுறை முழுவதையும் எழுதிவைத்தவர். ஃபிளாரன்ஸ் ஓவியர் அக்னோலோ காடியிடம் பன்னிரண்டு வருடம் தொழில் கற்றவர். அக்னோலோவுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தை தத்தேயோ. தத்தேயோ, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் ஜொத்தோவின் சீடர். ஆகவே அந்தக் கையேட்டைத் திறந்தால் ஜொத்தோவின் பட்டறை வாசலில் நிற்கிறோம். பசை காய்ச்சவும் வண்ணம் அரைக்கவும் பலகை தயாரிக்கவும் மட்டுமே ஆறு வருடம் வேண்டும் என்கிறார் அவர். முதல் பலகையிலேயே அது எனக்குப் புரிந்துவிட்டது.

பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் விலங்குத் தோல் பசையில் குழைத்த வெள்ளைப் பூச்சை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரத்தை இரவு முழுவதும் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைத்து, சுண்ணக்கட்டித் தூள் கலந்து பூசினேன். நான்கு அடுக்கு ஏறியதும் சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறிக்கடியில் வைத்தேன். காலையில் பார்த்தால் வறண்ட ஏரிபோல் வெடித்திருந்தது. பசையின் பலமும் அதிகம், காய்ந்த வேகமும் அதிகம்.

தஞ்சாவூர் ஓவியம் செய்யும் பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரிடம் பலகையைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தவர், “தம்பி, கீழடுக்கில் ஈரம் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுவிட வேண்டும். நிழலில் விடுங்கள், காற்று காட்டாதீர்கள்” என்றார். அவரும் பலகையில் துணி ஒட்டிச் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவு பூசுகிறவர்தான். சென்னினியும் குறைந்தது எட்டு அடுக்கு, இடைவெளி விடாமல், ஒரே மூச்சில் என்கிறார். இரண்டாவது பலகையில் பசையின் அளவைப் பாதியாகக் குறைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எட்டு அடுக்கு போட்டேன். நான்கு நாள் நிழலில் காய்ந்தபின் தகட்டால் சுரண்டித் தேய்க்கத் தேய்க்க, தந்தம்போல் வழவழப்பான ஒரு வெண்மை வந்தது. அதில் வண்ணம் வைக்கவே மனம் வரவில்லை.

காவியை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். ஃபிளாரன்ஸிலும் ஓவியர்கள் வண்ணம் வாங்கியது மருந்துக்கடைக்காரர்களிடம்தான். மருத்துவர்களும் மருந்து விற்பவர்களும் இருந்த சங்கத்தில்தான் ஓவியர்களும் உறுப்பினர்கள். வெள்ளைக்கு அவர்கள் எடுத்தது ஈய வெள்ளை. அது நஞ்சு என்பதால் டைட்டானியம் வெள்ளை எடுத்துக்கொண்டேன். பச்சை நிறம் தரும் மண் தூள் மட்டும் தபாலில் வந்தது.

இனி முட்டை. மஞ்சள்கருவை வெள்ளைக்கருவிலிருந்து பிரித்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி ஈரம் போக்க வேண்டும். பிறகு அதன் மெல்லிய தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, அடியில் ஊசியால் குத்தினால், மஞ்சள் மட்டும் கிண்ணத்தில் இறங்கும்; தோல் விரலில் தங்கிவிடும். தண்ணீரில் அரைத்த நிறத்தூளுடன் இதைச் சம அளவில் கலக்க வேண்டும். கலவை சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கண்ணாடியில் கொஞ்சம் தடவிக் காயவிட்டுச் சுரண்டினால், மரச்சீவல்போல் சுருண்டு வரவேண்டும். பொடியாக உதிர்ந்தால் முட்டை போதவில்லை. எனக்கு ஐந்தாவது முறைதான் சுருள் வந்தது.

ஊருக்குள் வளரும் கோழியின் கரு வெளிறியது, இளம் முகங்களுக்கு அது. கிராமத்துக் கோழியின் கரு சிவந்தது, முதியவர் முகங்களுக்கு அது என்று சென்னினி பிரிக்கிறார். பண்ணை முட்டையையும் நாட்டுக்கோழி முட்டையையும் உடைத்து அருகருகே வைத்தேன். அவர் கண்டது அப்படியே என் கிண்ணத்தில் இருந்தது. மரியாளுக்குப் பண்ணை முட்டை போதும்.

தோல் நிறம் பச்சையில் தொடங்குகிறது. முகம் முழுவதும் முதலில் அந்தப் பச்சை நிற மண்ணும் வெள்ளையும் கலந்து இரண்டு முறை பூச வேண்டும். அதன்மேல் நிழல், கன்னத்துக்கும் உதட்டுக்கும் இளஞ்சிவப்பு, பிறகு ஒன்றைவிட ஒன்று வெளுத்த மூன்று தோல் நிறங்கள், மூன்று கிண்ணங்களில். பச்சையை ஓரிடத்திலும் முழுவதும் மறைத்துவிடக் கூடாது. ஃபிளாரன்ஸுக்கு அருகிலுள்ள சியனா நகரத்தின் பழைய ஓவியங்கள் சிலவற்றில் மேலடுக்கு தேய்ந்து முகமே பச்சையாகத் தெரிவது இதனால்தான்.

இங்கேதான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. முட்டை வண்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. இரண்டு நிறங்களை ஈரத்தில் இழைத்துக் கரைக்க வழியே இல்லை. இரண்டாவது பலகையில் அப்படி இழைக்கப்போய், கீழடுக்கு பெயர்ந்து கன்னத்தில் வெள்ளை தெரிந்துவிட்டது. மூன்றாவதில் நிழலை அழுத்திப் போட்டதால் முகம் முதிர்ந்துபோனது. நுனித் தூரிகையைத் தோய்த்து, விரலால் பிழிந்து, நெல்மணி நீளத்தில் ஒவ்வொரு கோடாக இட வேண்டும். ஒளியிலிருந்து நிழலுக்குப் போக நூற்றுக்கணக்கான கோடுகள். தாடையின் வளைவுக்கு மட்டும் எனக்கு மூன்று மாலைகள் ஆயின. கரைக்க முடியாததால் உருவத்தின் எல்லையை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுத்தான் தூரிகையைத் தொட வேண்டும். நான் வியந்த தெளிவில் பாதி அந்தக் காலத்து மனிதர்களின் மனத்திலிருந்து வந்தது. மறுபாதி மஞ்சள்கரு அவர்கள் கைக்கு இட்ட கட்டளை.

நான்காவது பலகையில் நெற்றி வந்துவிட்டது. பச்சைக்குமேல் மூன்றாவது தோல் நிறம் ஏறிய கணத்தில், உள்ளிருந்து குளிர்ச்சியாக ஓர் ஒளி எழுந்தது. படங்களில் எத்தனையோ முறை பார்த்த ஒளிதான், என் கையடியில் அது வந்தபோது கண் கலங்கிவிட்டது. பெரியவரை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “தங்க ரேக்கு எங்கே தம்பி?” என்று கேட்டார். தங்கத்தை ஒட்டுவதைவிட வெறும் வண்ணத்தால் தங்கத்தின் பளபளப்பைக் காட்டுவதே ஓவியனுக்குப் பெருமை என்று ஆல்பெர்ட்டி எழுதியதைச் சொன்னேன். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக் கிருஷ்ணன் படத்தைப் பார்த்தவர்கள் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

மீதி இருப்பது தலைமேல் மெல்லிய துணியும் நீல ஆடையும். அந்த நீலம் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷானில் வெட்டிய கல்லிலிருந்து வந்தது. 1485இல் ஃபிளாரன்ஸ் ஓவியர் கிர்லாந்தாயோ, கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லத்துக்காக ஒரு பலிபீடப் படத்தை ஒப்புக்கொண்டபோது, அவுன்ஸ் நான்கு ஃபுளோரின் (ஃபிளாரன்ஸின் தங்க நாணயம்) பெறும் நீலத்தையே பூச வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். படத்துக்கான மொத்தக் கூலியே 115 ஃபுளோரின். என்னிடம் இருப்பது செயற்கை நீலம். முன்பெல்லாம் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப் பொடியின் இனம். நேற்று இரவு அதைத் தண்ணீரில் அரைத்து மூடிவைத்திருக்கிறேன். நாளை காலை புது முட்டை உடைத்து, தோள் மடிப்பின் நிழலிலிருந்து தொடங்குகிறேன்.