வாரம் ஐம்பது கிலோ

சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களில், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம் வாங்க வேண்டும் என்று ஒரு முறையேனும் எண்ணாதவர்கள் குறைவாகவே இருப்பார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. தோட்டம், அதில் ஓர் ஓட்டு வீடு, வாசலில் ஒரு காபிக் கடை என்று எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. எவ்வளவு பணம், எந்த ஆண்டு, யாருக்கு விற்பது என்ற மூன்றும் மட்டும் தெரியவில்லை. இன்று என்னிடம் தோட்டம் இல்லை. மலையடிவாரத்திற்கு அருகில் காபிக் கொட்டையை வறுத்து அரைக்கும் ஒரு சிறு கூடம் இருக்கிறது. முன்னது பின்னதாக மாறிய வழியை, தொழில் தொடங்க எண்ணியிருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதல் திருத்தம் மாவட்டத் தொழில் மையத்தில் நிகழ்ந்தது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்குமா என்று 2023-இல் விசாரிக்கச் சென்றபோது, அங்கிருந்த அலுவலர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "தோட்டத்துக்கு இதில் இடமில்லை அம்மா; கொட்டையை வாங்கி வறுத்து அரைத்தால் இடமுண்டு" என்றார். இத்திட்டத்தில் காபி, தேயிலை, ரப்பர் போன்ற பயிர்ச் சாகுபடிக்கு உதவி கிடையாது. அவற்றை மதிப்புக் கூட்டும் தொழிலுக்கு உண்டு. நிலத்தின் விலையையும் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. என் ஆசையில் பெரும்பகுதியை அந்த இரண்டு விதிகளும் ஒரே நாளில் வெட்டிவிட்டன. எனக்கு அது நல்லதாகவே பட்டது. ஏனெனில் மிஞ்சிய பகுதி என் கைக்கு எட்டும் அளவில் இருந்தது.

அடுத்து எழுத வேண்டியிருந்தது திட்ட அறிக்கை. இதைப் பணம் கொடுத்து ஆடிட்டர் அலுவலகத்தில் எழுதி வாங்கிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்; ஆனால் கணக்கெழுதிப் பிழைத்தவள் என்பதால் நானே உட்கார்ந்தேன். எந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லையோ, அந்த விஷயத்தில் நான் இன்னும் முடிவெடுக்கவில்லை என்பது எழுத எழுதத் தெரிந்தது. எல்லாக் கட்டங்களும் ஒரே கேள்வியில் வந்து நின்றன: வாரத்திற்கு எத்தனை கிலோ விற்கும்?

ஐம்பது கிலோ என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டேன். எண்பதுக்கு இருபது என்ற அளவில் சிக்கரி கலந்தால், வறுத்த காபி நாற்பது கிலோ வேண்டும். வறுக்கும்போது கொட்டை தன் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை இழக்கிறது. ஆகவே பச்சைக் கொட்டை ஏறத்தாழ 49 கிலோ. ஐந்து கிலோ கொள்ளளவுள்ள இயந்திரத்தில் அது பத்து ஈடு. ஆண்டுக்கு இரண்டரை டன் பச்சைக் கொட்டை. தோட்டத்தில் பார்ச்மென்ட்டாக, அதாவது உள் உமி நீக்காமல் உலர்த்திய கொட்டையாக வாங்கினால், உமி நீங்கி எடையில் ஐந்தில் நான்கு பங்குதான் தேறும் என்பதால் மூன்று டன்னுக்கு மேல். எந்த அளவு இயந்திரம், எத்தனை பேர் வேலைக்கு, எவ்வளவு கிடங்கு இடம் என்பவற்றுக்கெல்லாம் இந்த எண்களிலிருந்தே விடை வந்தது. பதினைந்து கிலோ இயந்திரம்தான் வாங்க வேண்டும் என்று விற்பனையாளர் வற்புறுத்தியபோது மறுப்பதற்கு எனக்குத் துணையாக இருந்ததும் இந்தத் தாள்தான்.

ஐம்பது கிலோ விற்கும் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. கடன் கேட்பதற்கு முன்பே, உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவைப் பெற்றேன். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் அது கிடைத்தது. வேறொருவர் கூடத்தில் கூலி கொடுத்து வறுத்து அரைத்து, வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அம்மாபேட்டை, அஸ்தம்பட்டி வீடுகளுக்கும் சில மெஸ்களுக்கும் கொடுத்து வந்தேன். முதல் முறை வாங்கியவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை; உறவுக்காகவும் முகத்துக்காகவும் வாங்குவார்கள். தாமாகத் தொலைபேசியில் கேட்டு மறுபடி வாங்கியவர்களின் அளவை மட்டும் தனி நோட்டில் எழுதினேன். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலந்த விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்ற விதிகளை நடைமுறையில் கற்றதும் இக்காலத்தில்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கே முடிவு செய்தது. பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால், திட்டச் செலவில் மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம். மாநகராட்சி எல்லைக்குள் பார்த்து வைத்திருந்த கடையை விட்டுவிட்டு, அடிவாரச் சாலையில் ஓர் ஊராட்சியில் கூடம் பிடித்தோம். வறுக்கும் புகைக்கு அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது கூடுதல் ஆதாயம். மானியம் கையில் வருவதில்லை என்பதைப் புதியவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அது வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பாக இருக்கும், அதற்கு வட்டி கிடையாது, அதே அளவு கடன் தொகைக்கு நம்மிடமும் வட்டி வாங்க மாட்டார்கள்.

விண்ணப்பத்தை முதலில் பரிசீலித்த வங்கிக் கிளை, நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் கேட்ட பணம், மிக அதிகம் என்று சொல்லித் திருப்பியது. அங்கேதான் காபியின் பருவத்தை விளக்க வேண்டியிருந்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அராபிகா வகைக் காபிப் பழம் பெரும்பாலும் நவம்பரில் தொடங்கிச் சனவரி வரை பறிக்கப்படுகிறது. களத்தில் உலர்ந்த பார்ச்மென்ட் அதையொட்டிய மாதங்களில் விலைக்கு வருகிறது. சிறு விவசாயி ஆண்டு முழுவதும் சரக்கை வைத்திருக்க மாட்டார். நான் அப்போது வாங்கவில்லையென்றால், ஆடியில் வியாபாரியிடம் அவர் சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். மாதம் மாதம் எவ்வளவு பணம் போகும், எவ்வளவு வரும் என்று ஒரு பட்டியல் போட்டு மீண்டும் கொடுத்தேன். பிப்ரவரிக் கட்டத்தில் கடன் வரம்பு முழுவதும் தீர்ந்து, ஐப்பசிக்குள் பெரும்பகுதி திரும்பியிருக்கும். மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையேனும் அந்த வரம்பை முழுமையாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று திட்ட விதியே சொல்கிறது என்பதையும் குறிப்பிட்டேன். அந்தப் பட்டியலுக்குப் பிறகு மேலாளர் தொகையைப் பற்றிப் பேசவில்லை, கிடங்கில் ஈரம் ஏறாதா என்றுதான் கேட்டார்.

கூடம் 2024-இல் இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியிலும் 2025-இன் தொடக்கத்திலும், பிரேசிலில் ஏற்பட்ட வறட்சியை முக்கியக் காரணமாகக் கொண்டு, உலகச் சந்தையில் அராபிகா விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. ஏற்காட்டுத் தோட்டக்காரர்களும் அதைக் கவனித்துத்தான் விலை சொன்னார்கள், அதில் தவறேதும் இல்லை. என் அறிக்கையில் கொட்டை விலை கால் பங்கு உயர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு பத்தி இருந்தது. உண்மையான உயர்வு அதைத் தாண்டியது. ஆயினும் எதை முதலில் தொடுவது, எதைத் தொடக் கூடாது என்று அந்தப் பத்தியில் எழுதியிருந்த வரிசை உதவியது: கலவையை மாற்றவில்லை, நூறு கிராம் பாக்கெட்டைக் கொண்டுவந்தோம், விலையை இரு தவணைகளில் உயர்த்தினோம், மெஸ்களுக்குக் கடனை நிறுத்தினோம். சில மெஸ்கள் விலகிப் போயின. வீடுகள் போகவில்லை.

இப்போது வாரம் ஐம்பது கிலோவை ஒட்டியே விற்பனை நடக்கிறது. பண்டிகை மாதங்களில் சற்றுக் கூடும். இயந்திரம் ஓடாத நாள்களில் மலையிலிருந்து வரும் சிறு தோட்டக்காரர்களின் கொட்டையைக் கூலிக்கு வறுத்துக் கொடுக்கிறேன். மானிய வைப்பு முதிர்ந்து கடனில் வரவு வைக்கப்பட்டதும் மாதத் தவணை எவ்வளவு குறையும் என்று பார்த்து, உமி நீக்கும் சிறு இயந்திரம் வாங்கலாமா என்பதற்கான அடுத்த தாளை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் மின்கட்டணக் கட்டம் இன்னும் நிரம்பவில்லை.