செத்த மிரரால் தொல்லையில்லை, பாதி உயிரோடு இருப்பதுதான் தொல்லை

ஒரு திறந்தமூல மென்பொருள் திட்டத்தின் டவுன்லோட் மிரர்களை, அதாவது எங்கள் கோப்புகளின் நகலை வைத்திருந்து தரும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. திட்டத்தின் பெயர் வேண்டாம். ஆட்கள் நல்லவர்கள், சம்பளம்தான் யாருக்கும் கிடையாது. நான் இருப்பது உச்சிப்புளியில், மிரர்கள் இருப்பதோ ஜெர்மனி, பிரேசில், தைவான் என்று திசைக்கொன்றாக. இறக்க வருபவரைப் பொருத்தமான மிரருக்கு அனுப்பும் மென்பொருள் மிரர்பிட்ஸ், வி.எல்.சி. வீடியோ பிளேயர் ஆட்கள் தங்களுக்காக எழுதிப் பொதுவில் விட்டது. அதை நிறுவியது, அதற்கு வேண்டிய ரெடிஸ் தரவுத்தளத்தை ஏற்றியது, பழைய பட்டியலை உள்ளே இழுத்தது எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது, அதில் எழுத ஒன்றுமில்லை. மற்றதைத்தான் எழுதுகிறேன். இதே வேலைக்கு யாராவது தலையாட்டப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் படித்துவிடுங்கள்.

செத்துப்போன மிரரால் ஒரு தொல்லையும் இல்லை. கனெக்‌ஷனே கிடைக்காது, மிரர்பிட்ஸ் அதைத் தானாக ஒதுக்கிவிட்டு அடுத்ததுக்கு ஆளை அனுப்பிவிடும். உயிரை வாங்குவது பாதி உயிரோடு இருப்பவை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மிரர், பட்டியலில் மூத்தது, எந்தக் கோப்பைக் கேட்டாலும் 200 (‘இருக்கிறது, இந்தா’) என்று பதில் சொல்லும். இல்லாத கோப்பைக் கேட்டாலும் 200தான். 404 (‘இல்லை’) சொல்ல வேண்டிய இடத்தில், பல்கலைக்கழக முத்திரையெல்லாம் போட்ட ‘மன்னிக்கவும்’ பக்கம் ஒன்றை 200 என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது. மிரர்கள் கோப்புகளை ஒத்திசைக்கப் பயன்படுத்தும் ஆர்சிங்க் வழியாகப் பார்த்தால் எல்லாக் கோப்பும் சரியாக இருக்கும், வெப் பக்கத்தை மட்டும் வேறு சர்வருக்கு மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் தன் அளவைச் சொல்லும் ஹெடரைக்கூட அனுப்பாததால் சோதனையில் ஒப்பிட ஒன்றுமில்லாமல் பச்சை டிக் வாங்கிக்கொண்டே இருந்தது. பெரிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கினால் சில கிலோபைட்தான் வருகிறது என்று ஒருவர் எழுதினார். அவர் அனுப்பிய கோப்பை நோட்பேடில் திறந்தால் உள்ளே எச்டிஎம்எல்.

எனவே முதல் அறிவுரை: 200, 404 என்று வரும் ஸ்டேட்டஸ் கோடை நம்பாதீர்கள். ஒரு பெரிய கோப்பின் கடைசிச் சில கிலோபைட்டை மட்டும் கேட்டு வாங்கி, மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுதாக இறக்க வேண்டியதில்லை, மிரர்காரருக்கும் பேண்ட்விட்த் செலவில்லை. இரண்டாவது, ஒத்திசைவு நடந்த நேரத்தை எழுதிய சின்னக் கோப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். டெபியன் லினக்ஸில் ட்ரேஸ் கோப்பு, ஆர்ச் லினக்ஸில் லாஸ்ட்சிங்க் என்று அவரவர்க்கு ஒன்று இருக்கிறது. எங்கள் திட்டத்தில் இல்லை, நான்தான் போட வைத்தேன். போட்ட பிறகுதான் தெரிந்தது, பட்டியலில் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்த சிலது முந்தைய வெளியீட்டோடு நின்றுபோய்விட்டன என்று.

சரி, அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டுமே. பட்டியலில் இருந்த முகவரி ஒரு மாணவருடையது. அவர் படித்து முடித்துப் போய்ப் பல காலம் ஆகியிருக்க வேண்டும், மெயில் திரும்பி வந்தது. நெட்வொர்க் பிரிவுக்கு எழுதினேன். “டிக்கெட் போடுங்கள்” என்று ஒரே வரியில் பதில். டிக்கெட் போடும் பக்கத்துக்குப் போனால் பல்கலைக்கழக லாகின் கேட்கிறது. லாகின் இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்டேன், அதற்கும் டிக்கெட் போடச் சொன்னார்கள். நம் தாலுகா ஆபீஸில் இதே பதில் கிடைத்தால் பக்கத்து டீக்கடையில் நின்று யாரையாவது பிடித்து விஷயத்தை உள்ளே சேர்த்துவிடலாம், இங்கே அதற்கும் வழியில்லை. கடைசியில் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். வருத்தம்தான், பேண்ட்விட்த் நல்ல பேண்ட்விட்த். அன்றிலிருந்து தனி ஆளின் முகவரியை மட்டும் கொடுக்கும் எந்த மிரரையும் சேர்ப்பதில்லை. ஆள் மாறினாலும் மாறாத ஒரு பொது முகவரி வேண்டும் என்று முதல் மெயிலிலேயே கேட்டுவிடுகிறேன்.

இப்போது உள்ளூர் கதை. எங்கள் கடலோரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, பெயர் சொல்ல மாட்டேன். லேபில் நல்ல சர்வர் ஒன்று வேலையில்லாமல் கிடந்தது. தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கத்துப் பையன்கள் சிலர் நாமும் ஒரு மிரர் வைப்போம் என்று ஆசைப்பட்டார்கள். துறைத்தலைவரும் சரி என்றார். அலுவலகக் கண்காணிப்பாளர் சரி என்று சொல்லவில்லை.

“இலவசமாத்தானே தர்றீங்க? அப்ப அந்த நிறுவனத்தோட லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க தம்பி.”

நிறுவனமே இல்லை சார், உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள் என்றேன். சங்கப் பதிவு எண்ணாவது இருக்குமே என்றார். அதுவும் இல்லை. அடுத்து அவர் கேட்டதுதான், இந்த மொத்தக் கதையிலும் எனக்கு வந்த ஒரே உருப்படியான கேள்வி: “நம்ம காலேஜ்லேர்ந்து எறக்குன ஃபைல்ல வைரஸ் இருந்தா யாரு பொறுப்பு?”

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. 2012இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் தளத்தின் கொரிய மிரர் ஒன்றில், பிஎச்பிமைஅட்மின் என்ற தரவுத்தள நிர்வாக மென்பொருளின் தொகுப்புக்குள் பின்கதவு வைத்துவிட்டார்கள். 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளின் டவுன்லோட் மிரர் ஒன்றுக்குள் யாரோ புகுந்து, மேக் கோப்பை எடுத்துவிட்டு ட்ரோஜன் கலந்த கோப்பைச் சில நாட்கள் வைத்திருந்தார்கள். இரண்டையும் அவரிடம் சொன்னேன், மறைக்கவில்லை. அதனால்தான் சார், கோப்பின் கைரேகை மாதிரியான செக்சம் எங்கள் தலைமைத் தளத்தில் மட்டும் இருக்கும், டிஜிட்டல் கையெழுத்துச் சாவி வெளியீட்டாளர்களிடம் மட்டும் இருக்கும், மிரரில் இருப்பவர் கோப்பில் கைவைத்தால் சரிபார்க்கும் எவரிடமும் மாட்டிக்கொள்வார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அதையே எழுதி, துறைத்தலைவர் கையெழுத்தோட குடுங்க” என்றார். கொடுத்தேன். (மிரர் வைக்கும் திட்டங்கள் கவனிக்க: செக்சம் கோப்பையும் மிரரிலேயே போட்டுவிட்டு அதை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். கோப்பை மாற்றுகிறவன் செக்சத்தையும் மாற்றமாட்டானா?)

அப்புறம் இணைய இணைப்பு. கல்லூரி லைன் சிஜிநாட்டுக்குப் (CGNAT, ஒரே பொது ஐபி முகவரியைப் பல இணைப்புகளுக்குப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருந்தது. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது, அதை வைத்துக்கொண்டு மிரர் நடத்த முடியாது. மாறாத தனி முகவரியான ஸ்டேட்டிக் ஐபி கேட்டு ராமநாதபுரத்தில் இணைப்பு கொடுப்பவரின் அலுவலகத்துக்குப் போனால், முதல்வர் கடிதத்தில் நீள்சதுர சீல் இருக்கிறது, ரவுண்ட் சீல் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றார் கவுன்டரில் இருந்தவர். ரவுண்ட் சீலோடு போன நாளில் அவர் லீவு, அவர் இடத்தில் இருந்தவர் கடிதத்தைப் பார்க்கவேயில்லை, ஜிஎஸ்டி எண் கேட்டார். எண்ணை வாங்கிக்கொண்டு போனபோது பழையவரே இருந்தார், அவர் ஜிஎஸ்டியைப் பற்றி மூச்சுவிடவில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும்போது கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள், பஸ் செலவு மிச்சம்.

ஐபி வந்தது. மிரர்பிட்ஸில் சேர்த்தேன். ஐபியை வைத்து ஊரைச் சொல்லும் ஜியோலைட் தரவுத்தளம் அதை மும்பையில் கொண்டுபோய் வைத்துவிட்டது! மிரர் விவரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையாலேயே திருத்தலாம், ராமநாதபுரத்துக்கான 9.36, 78.84 என்று போட்டேன். ஆனால் இறக்குகிறவரின் ஐபியும் பெரும்பாலும் சென்னையிலோ மும்பையிலோதான் காட்டும் என்பதால், பக்கத்து ஊர்க்காரர் பக்கத்து மிரருக்குத்தான் வருவார் என்று கனவு காணாதீர்கள்.

ஓடத் தொடங்கியதும் எங்கள் ஊர் தன் வேலையைக் காட்டியது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில், கல்லூரி யுபிஎஸ் தாக்குப்பிடிக்காமல் எல்லாம் அணைந்துவிட்டது. மாலையில் கரண்ட் வந்ததும் சர்வர் உடனே எழுந்தது, வெளியே தனி அடாப்டரில் இருந்த ஹார்ட் டிஸ்க் நிதானமாக எழுந்தது. இடைப்பட்ட நேரத்தில் டிஸ்க்கை ஃபோல்டரோடு இணைக்கும் மவுண்ட் தோற்றுப்போய், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் க்ரான் அதன் பாட்டுக்கு ஓடி, ஆர்சிங்க் காலி ஃபோல்டரைப் பார்த்து அத்தனை கோப்பையும் முதலிலிருந்து இறக்க ஆரம்பித்துவிட்டது, அதுவும் சிஸ்டம் இருக்கிற சின்ன எஸ்எஸ்டியில். எஸ்எஸ்டி நிரம்பியதும் லாகின்கூட முடியவில்லை. லேப் உதவியாளர் கீழக்கரைக்காரர், பையன்கள் காக்கா (அந்தப் பக்கத்தில் அண்ணன்) என்றுதான் கூப்பிடுவார்கள். நான் போனில் சொல்லச் சொல்ல அவர்தான் மானிட்டரையும் கீபோர்டையும் இழுத்துவந்து மாட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி மீட்டார். ஒத்திசைவு ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வெளியேறிவிட வேண்டும், மவுண்ட்பாயிண்ட் கட்டளை அதற்கென்றே இருக்கிறது. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி எஃப்லாக் போடுங்கள். இவ்வளவுக்கு மேல் அழிக்காதே என்று ஆர்சிங்குக்குச் சொல்லும் மேக்ஸ்-டிலீட்டும் போடுங்கள், மூல சர்வர் என்றைக்காவது காலியாகத் தெரிந்தால் உங்கள் மிரரும் சேர்ந்து காலியாகாது.

அடுத்தது கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசிய மாதங்களில். மிரர் வேகம் திடீரென்று பத்தில் ஒன்றாகிவிட்டது. எல்லா செட்டிங்கையும் நோண்டியாயிற்று. காக்காதான் கேபிளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஜாக்கின் பின்களில் பச்சை பூத்திருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவிட்ச், ஜன்னலுக்கு வெளியே கடல். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், அதனால் லிங்க் அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிட்டது. பாதி உயிர் என்றேனே, அது மறுபடியும். நல்ல தங்கமுலாம் ஜாக் வாங்கிப் போட்டு, சுவிட்சை உள்பக்கச் சுவருக்கு மாற்றியதும் சரியாயிற்று. கடலோரத்தில் மிரர் வைப்பவர்கள் லிங்க் வேகத்தையும் கண்காணிப்பில் சேர்த்துவிடுங்கள்.

வெளியீட்டு நாள் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கோப்பு ஏறிய கையோடு வெளியீட்டாளர் உற்சாகத்தில் அறிவித்துவிடுவார். மிரர்களில் இன்னும் கோப்பு போய்ச் சேர்ந்திருக்காது. கோப்பு இருக்கிற மிரருக்கு மட்டும்தான் மிரர்பிட்ஸ் ஆளை அனுப்பும், ஒன்றிலும் இல்லையென்றால் எல்லாரையும் மாற்று சர்வருக்குத் தள்ளும். எங்கள் மாற்று சர்வர் ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). நாக்குத் தள்ளிவிட்டது. இதற்கு ஃபெடோரா லினக்ஸ் ஆட்கள் செய்வதுதான் சரி: கோப்பை முன்கூட்டியே ஏற்றி, பொதுமக்கள் படிக்க முடியாதபடி பர்மிஷனை மூடிவைத்து, மிரர்கள் எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு பர்மிஷனை மட்டும் திறப்பது. இதை எங்கள் ஆட்களை ஒத்துக்கொள்ள வைக்க எழுதிய மெயில்களைச் சேர்த்தால் ஒரு குறுநாவல் தேறும். ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள்.

மிரர்காரர்களிடம் இன்னொன்றும் கெஞ்ச வேண்டியிருந்தது. எல்லாரும் க்ரானை 0வது நிமிடத்தில் வைத்திருக்கிறார்கள். மணி அடித்தால் எல்லாரும் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள், ஆர்சிங்க் சர்வர் ‘மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்’ என்று விரட்டுகிறது, விரட்டப்பட்டவர் மறுபடி வருவது ஆறு மணி நேரம் கழித்து. 17, 43 என்று வாயில் வந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இறங்கிய பிறகே கோப்புகளை மொத்தமாக மாற்றும் டிலே-அப்டேட்ஸும் ஆர்சிங்கில் போட்டுவிடுங்கள், பாதி மாறிய நிலையில் யாரும் கோப்பை இறக்கமாட்டார்கள். தொகுப்புகள் முதலில், அட்டவணைக் கோப்புகள் பிறகு என்று இரண்டு கட்டமாக இழுத்தால் இன்னும் நல்லது. ‘ஹேஷ் சம் மிஸ்மேட்ச்’ என்ற, அட்டவணையும் கோப்பும் பொருந்தாத பிழையால் உபுண்டுவில் முழி பிதுங்கியவர்களுக்கு ஏன் என்று புரியும்.

கல்லூரி மிரர் இப்போது பட்டியலில் இருக்கிறது. ஆட்கள் குறைவாகப் போகும்படி மிரர்பிட்ஸில் அதன் ஸ்கோரைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருக்கிறேன், ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒரு மெயில் வந்தது. தங்கள் மிரருக்கு உங்கள் திட்டத்தின் டிராஃபிக் அடியோடு நின்றுவிட்டதே, என்ன காரணம் என்று கேட்டிருந்தார்கள். டிக்கெட் போடுங்கள் என்று எழுதத்தான் கை துறுதுறுத்தது. எங்களிடம் டிக்கெட் சிஸ்டமே இல்லை. அந்த ‘மன்னிக்கவும்’ பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, பொது முகவரி ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டு நாளில் சரிசெய்து, முகவரியும் கொடுத்துவிட்டார்கள்.