ஹெஸ்ஸென் பிலிப்பின் இரட்டை மணம்: தேதிகளை வைத்து எழுதுவது

ஜெர்மனியின் ஹெஸ்ஸென் பகுதி ஆட்சியாளர் முதலாம் பிலிப்பின் (1504–1567) வாழ்க்கையைத் தமிழில் எழுத உட்காருபவர் முதலில் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். மனைவி கிறிஸ்டினா உயிரோடு இருக்கும்போதே மார்கரெத்தே ஃபொன் டெர் சாலே என்ற பெண்ணையும் மணந்தவர் அவர். இந்த மணவாழ்க்கையில் ஒரு தேதி பிசகினாலும் பழி வேறொருவர் தலையில் போய் விழுந்துவிடும். எல்லாமே ஜூலியன் நாட்காட்டித் தேதிகள், அப்படியே விட்டுவிடுங்கள். பாதியை மட்டும் இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால்தான் குழப்பம்.

எளிதாகக் கைக்கு வரும் கதை இது: பிலிப் புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தவாதி லூத்தரிடம் இரண்டாம் மணத்துக்கு அனுமதி வாங்கி, அதைக் காட்டி மனைவி கிறிஸ்டினாவைச் சம்மதிக்க வைத்தார். தாளைப் பாருங்கள். லூத்தரும் அவருடைய தோழர் மெலாங்க்தனும் விட்டன்பெர்கில் ரகசிய ஆலோசனைக் கடிதத்தில் கையெழுத்திட்டது 1539 டிசம்பர் 10. கிறிஸ்டினா சம்மதத்தை எழுதிக் கொடுத்தது டிசம்பர் 11. விட்டன்பெர்குக்கும் ஹெஸ்ஸெனின் காசல் நகருக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல். குளிர்காலச் சாலையில் ஒரே நாளில் அந்தக் கடிதம் வந்திருக்க முடியாது. அவர் சம்மதம் அந்தக் கடிதத்தைப் பார்த்து வந்ததல்ல. தன் பிள்ளைகளின் ஆட்சியுரிமைக்குப் பங்கம் வரக்கூடாது என்பதை அவர் அதில் உறுதிப்படுத்திக்கொண்டார். ஏமாந்த பேதையாக அவரை வரைவது அநியாயம்.

மார்கரெத்தே ஃபொன் டெர் சாலேயின் தாய் அன்னாவும் அப்படித்தான். மகளைச் சும்மா அனுப்ப அவர் ஒப்பவில்லை. முறையான மணமும் சாட்சிகளும் கேட்டார். 1540 மார்ச் 4 அன்று, ஃபுல்டா நதிக்கரை ரோட்டன்பர்கில் நடந்த மணத்தில் மெலாங்க்தனும் இன்னொரு சீர்திருத்தவாதியான பூட்சரும் இருந்தார்கள். சாட்சிகள் வந்த பிறகு ரகசியம் எப்படித் தங்கும்?

மார்கரெத்தேயை ‘ஆசைநாயகி’ என்று எழுதினால் தவறு, மணம் நடந்திருக்கிறது. ‘இளைய தாரம்’ என்பதும் சரிவராது. அந்தச் சொல்லில் ஊர் ஏற்றுக்கொண்ட உறவு என்ற பொருள் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஹெஸ்ஸென் அடங்கியிருந்த புனித ரோமானியப் பேரரசின் 1532ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் இருதார மணத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. ‘முதல் மணம் இருக்கும்போதே செய்த மணம்’ என்று நீட்டி எழுதுவதே நல்லது.

அந்தச் சட்டத்தின் பயம்தான் பிலிப்பை 1541 ஜூனில், ரேகன்ஸ்பர்கில் பேரரசர் ஐந்தாம் சார்லஸுடன் உடன்படிக்கைக்கு இழுத்தது. ஷ்மால்கால்டன் புராட்டஸ்டன்ட் கூட்டணியின் தலைவர்களில் ஒருவரான அவரே கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. இங்கே இன்னொரு சறுக்கல் காத்திருக்கிறது: இருதார மணத்துக்காகச் சிறைப்பட்டார் என்று எழுதிவிடுவது. சிறைக்குக் காரணம் அந்தக் கூட்டணிக்கும் பேரரசருக்கும் நடந்த போர். தோற்று, 1547 ஜூனில் ஹாலேயில் சரணடைந்தார்.

கிறிஸ்டினாவின் பிறந்த வீட்டைப் பற்றி எழுதும்போது ‘சாக்சனி’ என்று மொட்டையாக எழுதக்கூடாது. அந்த ஜெர்மன் அரச குடும்பம் இரண்டு கிளையாகப் பிரிந்திருந்தது. கிறிஸ்டினாவின் தந்தை கோமகன் ஜார்ஜ் கத்தோலிக்கர், ஒரு கிளை. கூட்டணியின் இன்னொரு தலைவர் யோஹான் ஃபிரெட்ரிக் மற்றொரு கிளை. ஜார்ஜ் 1539 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டின் டிசம்பரில்தான் மேலே சொன்ன கடிதமும் சம்மதமும். இந்தத் தேதியையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மணம் 1540உடன் செத்துவிட்டது என்றும் எழுதவேண்டாம். கிறிஸ்டினாவின் பத்துப் பிள்ளைகளில் மூவர் அதற்குப் பின் பிறந்தவர்கள். கடைசி மகன் ஜார்ஜ் 1547 செப்டம்பரில் பிறந்தபோது தந்தை பேரரசரின் கைதி. ஹெஸ்ஸென்-டார்ம்ஸ்டாட் வம்சம் அந்தப் பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. கிறிஸ்டினா 1549 ஏப்ரலில் இறந்தார். பிலிப் விடுதலையாகி வந்தது 1552இல்.