பிளாங்க் ஏன் நீலமாக இருக்கிறது?

ஆய்வு முதுகலையில் சேர்ந்த முதல் வாரம். "உன் கேள்வி என்ன?" என்று கேட்டார் என் கைடு. "ஏரி ஏன் பச்சை பிடிச்சுப் போகுது, அதுதான் மேடம்" என்றேன். "அது தலைப்பு. கேள்வியோட வா" என்று அனுப்பிவிட்டார். அந்த வரியை ஒரு கேள்வியாகச் சுருக்கவே எனக்கு ஐந்து மாதம் ஆனது.

என்னை இந்தத் துறைக்கு இழுத்தது ஒரு புகைப்படம். கனடாவில் ஏரி 226 என்று ஒன்று உண்டு. 1973இல் அதன் நடுவே திரை கட்டி, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள்; மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பாசி பிடித்துப் பச்சையாக மாறியது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, நானும் அப்படி ஒன்றைச் செய்யப் போகிறேன் என்ற நினைப்போடுதான் இருந்தேன். இரண்டு வருடம், ஒரே ஆள், ஒரு லேப். இதற்குள் முழு ஏரி அடங்காது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

முதல் செமஸ்டரில் நான்கு பாடங்கள் இருந்தன, முடிந்தன. கூடவே கட்டுரைகளைத் தேடித் தேடி, சோட்டெரோ என்ற கட்டுரை சேமிக்கும் மென்பொருளில் சேர்த்துக்கொண்டே போனேன். நூறைத் தாண்டியது. ஒன்றையும் முழுதாகப் படிக்கவில்லை. சுருக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். மேடம் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஏரி ஆய்வாளர் மார்ட்டிமர் 1941, 1942இல் இரண்டு பகுதிகளாக எழுதிய ஒரே ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்து, "இதுல இருக்கற ஒவ்வொரு வரைபடத்தையும் அடுத்த திங்கள் எனக்கு விளக்கு" என்றார். அந்த வாரம் படித்ததுதான் படிப்பு. ஆக்சிஜன் இருக்கும்வரை ஏரியின் அடிச்சேற்றில் உள்ள இரும்பு, பாஸ்பேட்டை, அதாவது தண்ணீரில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவத்தை, பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது, அது பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும் தண்ணீரில் கலந்துவிடுகிறது. வெளியிலிருந்து கழிவு வருவதை நிறுத்தினாலும் சில ஏரிகள் வருடக்கணக்கில் தெளியாமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்புறம்தான் என் கேள்வி உருவானது: நான் எடுத்துக்கொண்ட ஏரியின் சேற்றில் இது நடக்கிறதா, நடந்தால் எவ்வளவு வேகமாக? அவ்வளவுதான். ஏரி 226இன் பக்கத்தில் வைத்தால் தூசி. ஆனால் அதற்கு என்னால் விடை காண முடியும்.

சரி, அளக்கத் தெரிய வேண்டுமே. பாஸ்பேட்டுக்கு மர்ஃபியும் ரைலியும் 1962இல் வெளியிட்ட முறையைத்தான் இன்னும் பெரும்பாலான லேப்களில் பின்பற்றுகிறார்கள். அமிலத்தில் மாலிப்டேட், கொஞ்சம் ஆன்டிமனி உப்பு, அஸ்கார்பிக் அமிலம் மூன்றையும் கலந்து மாதிரியில் விட்டால், பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு நீல நிறம் வரும். பத்து நிமிடம் பொறுத்து, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில், 880 நானோமீட்டர் அலைநீளத்தில் படிக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். என் தொல்லை பிளாங்கில் ஆரம்பித்தது. பிளாங்க் என்பது மாதிரிக்குப் பதில் வெறும் வாலைவடிநீரில் இந்த ரீஏஜென்ட் கலவையை விட்டது. அதில் நிறமே வரக் கூடாது. எனக்கு வந்தது. வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தால், சட்டை காலரில் மிஞ்சிய நீலம் போல மெல்லிசாகத் தெரியும். அதுவும் ஒரு குழாயில் வரும், பக்கத்துக் குழாயில் வராது.

ஆறு வாரம் போனது. தண்ணீரை மாற்றினேன். ரீஏஜென்டை அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்தேன். கருவியில் வைக்கும் சின்னக் குப்பியான குவெட்டை மாற்றினேன். ஒரு கட்டத்தில் பிளாங்கின் அளவைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தேன். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கும் காரியம் அது. குழாய்க்குக் குழாய் மாறும் ஒன்றைக் கழிக்க முடியாது என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். லேபில் மூத்தவரான அக்கா ஒருவர் ஒரு நாள் மாலை நான் குழாய் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எதைப் போட்டுக் கழுவறே?" என்றார். சிங்க் ஓரத்தில் இருந்த சோப்புத் திரவத்தைக் காட்டினேன். புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். சேர்மானப் பட்டியலில் மூன்றாவது வரியிலேயே பாஸ்பேட்.

கண்ணாடி பாஸ்பேட்டைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. அன்று இரவே எல்லாக் குழாய்களையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போட்டோம். அக்காவும் கூடவே நின்றார். மறுநாள் வாலைவடிநீரில் திரும்பத் திரும்ப அலசி, ரீஏஜென்ட் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். பிளாங்க் வெறும் தண்ணீர் போலத் தெளிவாக நின்றது. அந்தக் குழாய்களுக்கு ஒரு தனித் தட்டு ஒதுக்கி, "பாஸ்பேட்டுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டினேன். அதுவரை எடுத்த அளவுகள் அத்தனையையும் நோட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதியும் காரணமும் எழுதி வைத்தேன். கிழித்துப் போடக் கூடாது என்றார் மேடம்.

பிறகு வேலை ஓடியது. ஏரியடிச் சேற்றை ஆறு அக்ரிலிக் குழாய்களில் கலையாமல் எடுத்து வந்தோம். மூன்றில் காற்று விட்டோம்; மூன்றில் ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன். காற்று விட்ட குழாய்களில் சேற்றின் மேல் துருநிறத்தில் ஒரு மெல்லிய தோல், சில மில்லிமீட்டர்தான், கடைசிவரை அப்படியே இருந்தது. நைட்ரஜன் விட்டவற்றில் அந்தத் தோல் நாளுக்கு நாள் மங்கி, இரண்டாம் வாரத்தில் கருத்துப்போனது. இரும்பு கைவிடுவதை நான் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்வேன். ராத்திரி பதினொரு மணிக்குக்கூட அதைப் பார்ப்பதற்காக லேபுக்குப் போயிருக்கிறேன்.

பத்து நாள் அளவுகளைக் கொண்டுபோய், "ஒவ்வொரு பக்கமும் முப்பது மாதிரி மேடம்" என்றேன். "எத்தனை குழாய்?" "மூணு." "அப்போ மூணுதான்." ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப அளப்பது புது மாதிரி ஆகாது. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் எழுதிய கட்டுரை முழுக்க இந்தப் பிழையைப் பற்றியதுதான். ஆய்வில் இறங்குகிறவர்கள் முதல் மாதமே அதைப் படித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. நான் கடைசி வருடத்தில் படித்தேன். புள்ளியியல் அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டி வந்தது.

எழுதியதைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். முன்னுரையில் ஆரம்பித்து மூன்று வாரம் நகரவே இல்லை. செய்முறை அத்தியாயத்தை முதலில் எழுத உட்கார்ந்தேன், நான்கு நாளில் முடிந்தது. நம் கை செய்ததை எழுதுவதற்குத் தயக்கம் வராது.

வைவாவில் வெளித்தேர்வாளர் அரை மணி நேரம் அன்பாகவே பேசினார். பிறகு கேட்டார்: "நைட்ரஜன் விட்டால் தண்ணீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும். பிஹெச் ஏறும், தண்ணீர் காரமாகும். அதுவே இரும்பிடமிருந்து பாஸ்பேட்டை விடுவிக்கும். உங்களுக்குக் கிடைத்தது ஆக்சிஜன் இல்லாததாலா, இதனாலா?" எனக்குக் கை சில்லிட்டது. பிஹெச் அளக்கவில்லை. காற்று விட்டாலும் கார்பன் டை ஆக்சைடு ஓரளவு போகும் என்று சமாளித்திருக்கலாம். அந்த நீல பிளாங்க் நினைவுக்கு வந்தது. "அளக்கல சார். இப்போ எனக்குத் தெரியாது" என்றேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். திருத்தங்களோடு தேர்ச்சி என்று எழுதினார்கள்.

திருத்தத்துக்குக் கிடைத்த மூன்று மாதத்தில், நைட்ரஜனோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் கலந்து இன்னொரு வரிசை ஓட்டினேன். அக்கா வேலை கிடைத்துப் போய்விட்டார். தனியாகத்தான் சேறு எடுத்தேன். தினமும் பிஹெச் பார்த்தேன், அது நகரவில்லை. பாஸ்பேட் ஏறியது, முன்பைவிடச் சற்றுக் குறைவாக. அந்த வித்தியாசத்தை நான்காம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு அட்டவணையாகச் சேர்த்து, ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுத்தேன்.