பெரிய அரசு என்றால் எந்த அரசு?

அமெரிக்கத் தீவிர வலதுசாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவர்களுக்கு அரசாங்கமே ஆகாது" என்று முடித்துவிடுகிறோம். அது சரியில்லை. கவுண்டி என்கிற மாவட்டத்தின் காவல் தலைவரான ஷெரீஃபும் அரசாங்கம்தான்; அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் வெறுக்கிற 'பெரிய அரசு' எது என்று தெரிய வேண்டுமானால் நெவாடா மாநிலத்தின் பன்கர்வில் மேய்ச்சல் தகராறைப் பார்க்க வேண்டும்.

முதலில் நிலக் கணக்கு. நெவாடாவின் நிலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் ஃபெடரல் அரசுக்கு, அதாவது வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசுக்குச் சொந்தம். கிழக்கே கனெக்டிகட்டில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. கிழக்கில் இருப்பவருக்கு வாஷிங்டன் என்பது வருஷத்துக்கு ஒருமுறை நிரப்பும் வரிப் படிவம். நெவாடா மாட்டுப் பண்ணைக்காரருக்கோ வேலியைத் தாண்டிக் கால் வைத்தாலே வாஷிங்டன். நம்மூர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி நிலம்தான். ஆனால் அங்கே எத்தனை மாடு விடலாம், எந்த மாதத்தில் விடலாம் என்பதை ஊரும் முடிவு செய்வதில்லை, மாநிலமும் முடிவு செய்வதில்லை. பிஎல்எம் என்கிற ஃபெடரல் நில மேலாண்மைத் துறை முடிவு செய்கிறது. போதாததற்கு ஃபெடரல் நிலத்துக்குக் கவுண்டி வரி போட முடியாது. அதற்கு ஈடாக வாஷிங்டன் ஒரு தொகை தருகிறது. அது எவ்வளவு என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

மேய்ச்சல் கட்டணம்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேயத் தேவையான தீவனம்தான் கட்டணத்துக்கு அளவு. 2014இல் அதற்கு 1.35 டாலர். 100 பசுவை வருஷம் முழுக்க மேய்த்தால் 1,620 டாலர் ஆகும். தனியார் மேய்ச்சல் நிலத்தில் இதைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். ஆக, இது காசுச் சண்டை இல்லை. அந்த நிலத்தில் யார் பேச்சு எடுபடும் என்ற சண்டை.

1990இல் பாலைவன ஆமை அழியும் அபாயத்தில் உள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது. மழைக்குப் பிறகு முளைக்கும் வசந்தகாலப் பூண்டுகள்தான் ஆமைக்கு உணவு. மாடும் அதையே மேயும். அதனால் மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதே காலத்தில் லாஸ் வேகஸ் நகரம் ஆமை வாழ்ந்த பாலையில் பரவிக்கொண்டிருந்தது. கட்டுமான நிறுவனங்கள் ஏக்கருக்கு 550 டாலர் கட்டிவிட்டு வீடு கட்டலாம். அந்தப் பணத்தில் வேறு இடத்தில் ஆமையைக் காப்பார்கள். அந்த 'வேறு இடம்' மேய்ச்சல்காரர்களின் இடம். பலர் மேய்ச்சல் உரிமத்தை விற்றுவிட்டு விலகினார்கள். நகரம் வளர நாங்கள் விலை கொடுக்க வேண்டுமா என்ற ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. இதைக் கேட்காமல் இவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

பன்கர்வில் பண்ணைக்காரர் கிளைவன் பண்டி உரிமத்தை விற்கவும் இல்லை, புதுப்பிக்கவும் இல்லை. 1993இலிருந்து கட்டணம் கட்டுவதை நிறுத்தினார். மாடு மட்டும் மேய்ந்தது. 1998இலும் 2013இலும் மாட்டை அகற்றச் சொல்லி ஃபெடரல் நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டணமும் அபராதமுமாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்றது அரசு.

அவர் தரப்பு வாதம் இப்படி. அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, தலைநகருக்கும் கோட்டை, ஆயுதக் கிடங்கு, கப்பல்துறை போன்றவற்றுக்கும் மட்டுமே ஃபெடரல் அரசுக்கு நிலம் அனுமதிக்கிறது. மற்றதெல்லாம் மாநிலத்துக்கு என்கிறார்கள். படிக்கும்போது சரிபோலத் தோன்றும். கோளாறு எங்கே என்றால், நான்காம் பிரிவைப் படிக்காமல் விடுகிறார்கள். ஃபெடரல் உடைமைகளுக்குத் தேவையான விதிகளை வகுக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு உண்டு என்று அது நேராகவே சொல்கிறது. 1976இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நெவாடா 1864இல் மாநிலமானபோதே, யாருக்கும் ஒதுக்கப்படாத பொது நிலத்தின்மேல் உரிமை கோரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

ஷெரீஃப்தான் மண்ணில் மிக உயர்ந்த அதிகாரம் என்ற கொள்கையை 1970 வாக்கில் பாஸி காமிடேட்டஸ் என்ற இயக்கம் பரப்பியது. யூத வெறுப்பும் வெள்ளை இனவெறியும் அதன் வேரிலேயே இருந்தன. இன்று அதைச் சொல்பவர்களில் பலருக்கு அந்த வேர் தெரியாது. தெரிந்தும் சொல்பவர்களும் உண்டு. 1997இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்று இவர்களுக்குப் பிடிமானம் ஆனது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும்படி உள்ளூர் ஷெரீஃபை ஃபெடரல் அரசு வற்புறுத்த முடியாது என்பதுதான் தீர்ப்பு. வற்புறுத்த முடியாது என்பதை, ஃபெடரல் அதிகாரியை ஷெரீஃப் தடுக்கலாம் என்று நீட்டிவிட்டார்கள்.

2014 ஏப்ரலில் பிஎல்எம் மாட்டைப் பிடிக்க வந்தது. பல மாநிலங்களிலிருந்து மிலிஷியா என்கிற தனியார் ஆயுதக் குழுக்காரர்கள் துப்பாக்கியோடு திரண்டார்கள். ஏப்ரல் 12 அன்று நெடுஞ்சாலைப் பாலத்தின்மேல் ஒருவர் குப்புறப் படுத்து, கான்கிரீட் தடுப்பின் இடுக்கு வழியாக ரைஃபிளை நீட்டிக் கீழே குறிபார்க்கிறார். கீழே நின்றவர்கள் அரசு ஊழியர்கள். ஒரு குண்டு வெடித்திருந்தாலும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. பிஎல்எம் மாட்டை விட்டுவிட்டுப் பின்வாங்கியது. 1992 ரூபி ரிட்ஜ், 1993 வேகோ இரண்டிலும் ஃபெடரல் முற்றுகை உயிர்ப்பலியில் முடிந்திருந்தது. அந்த இரண்டு பெயர்களும் இவர்களுக்கு வேதம் மாதிரி. அதிகாரிகள் தயங்கியதற்கும் அதே இரண்டு பெயர்கள் காரணமாக இருந்திருக்கலாம்.

2016 ஜனவரி 2 அன்று கிளைவனின் மகன்கள் ஆரிகனின் மால்யூர் வனவிலங்குச் சரணாலயத்தைக் கைப்பற்றினார்கள். ஹாமண்ட் என்ற தந்தையும் மகனும் ஃபெடரல் நிலத்தில் தீ வைத்த வழக்கில் சிறு தண்டனையை முடித்துவிட்டார்கள். அரசு மேல்முறையீடு செய்து, குறைந்தபட்சம் ஐந்து வருஷம் என்ற விதிப்படி மறுபடி சிறைக்கு அனுப்பியது. அதுதான் தூண்டுகோல். அந்த ஐந்து வருஷ விதி 1996 பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தில் வந்தது. 1995இல் 168 பேரைக் கொன்ற ஓக்லஹோமா குண்டுவெடிப்பைத் தொடர்ந்து போட்ட சட்டம் அது. குண்டு வைத்தது அரசு வெறுப்பில் ஊறிய தீவிர வலதுசாரி. அதன் தண்டனை புல்லுக்குத் தீ வைத்த பண்ணைக்காரர்கள் தலையில் விழுந்தது.

ஷெரீஃப் கொள்கை உடைந்ததும் மால்யூரில்தான். மால்யூர் இருக்கும் ஹார்னி கவுண்டியின் ஷெரீஃபே "ஊருக்குத் திரும்பிப் போங்கள்" என்று கேட்டுக்கொண்டார். போகவில்லை. இவர்கள் எங்களுக்காகப் பேசவில்லை என்று ஹாமண்ட் தரப்பு வழக்கறிஞர் எழுதிக் கொடுத்தார். அப்போதும் போகவில்லை. நிலத்தை உரியவர்களிடம் கொடுக்க வேண்டும் என்ற முழக்கத்துக்கு பர்ன்ஸ் பையூட் பழங்குடியினர், இது எங்கள் மூதாதையர் மண் என்று பதில் சொன்னார்கள். 41 நாள் நீடித்த அந்த ஆக்கிரமிப்பின்போது, அதில் ஈடுபட்டவர்களில் ஒருவரான லவாய் ஃபினிகம் காவல்துறையால் சுடப்பட்டு இறந்தார்.

ஆரிகன் வழக்கில் முக்கியத் தலைவர்களை ஜூரி விடுவித்தது. கிளைவன் பண்டிமேல் போட்ட நெவாடா வழக்கு 2018 ஜனவரியில் தள்ளுபடியானது. எதிர்த் தரப்புக்குக் கொடுத்திருக்க வேண்டிய சான்றுகளை அரசு வழக்கறிஞர்கள் கொடுக்காமல் வைத்திருந்தது அம்பலமானதுதான் காரணம். வாஷிங்டன் பொய் சொல்லும் என்று இருபது வருஷமாகச் சொன்னவர்களுக்கு இதைவிட வலுவான ஆதாரத்தை யாரும் கையில் கொடுத்திருக்க முடியாது. அதே வருஷம் ஜூலையில் ஹாமண்டுகளுக்கு டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். மாட்டை அகற்றச் சொன்ன நீதிமன்ற உத்தரவுகள் ரத்தாகவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகும் பல வருஷம் பண்டி குடும்பத்தின் மாடுகள் உரிமம் இல்லாமலே அந்த நிலத்தில் மேய்ந்தன.