இணையவழிப் பாட்டு வகுப்பும் வீட்டில் போடும் தாளமும்

அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு முறையாகக் கர்நாடக இசை கற்பிக்க விரும்புவோர், உள்ளூரில் ஆசிரியர் அமையாவிட்டால் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏற வேண்டும். அங்குள்ள அரசு இசைப்பள்ளியில் சேர 12 வயது நிரம்பியிருக்க வேண்டும். என் மகள் அதற்கு இன்னும் சிறியவள். ஆகவே, சென்னையில் இருக்கும் ஓர் ஆசிரியையிடம் இணையம் வழியாகப் பயில்கிறாள்.

இத்தகைய வகுப்புகள் என்றாலே கண் கெடும், கவனம் சிதறும் என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். பாட்டைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது குரல் சென்று சேர்வதில் ஏற்படும் தாமதம். சாதாரண உரையாடலில் நாம் உணராத அந்த நொடிப் பின்னம், தொடக்கப் பாடமான சரளி வரிசையை இரண்டாம் காலத்தில், அதாவது இரு மடங்கு வேகத்தில், சேர்ந்து பாட முயன்றால் தாளத்தையே குலைத்துவிடுகிறது. எனவே ஆசிரியை ஒரு வரியைப் பாடி நிறுத்த, மகள் அதைத் திருப்பிப் பாடுகிறாள். குருவின் குரலோடு தன் குரலை இழைத்துப் பாடும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. பாட்டுக்கு ஆதாரமாக இடைவிடாமல் ஒலிக்கும் ஸ்ருதியின் கதையும் ஏறக்குறைய இதுவே. பின்னணி இரைச்சலை அடக்குவதற்காக ஜூம் போன்ற செயலிகளில் உள்ள வசதி, இடைவிடாமல் ஒலிக்கும் ஸ்ருதிப் பெட்டியையும் மின்விசிறிச் சத்தமாகவே கருதி விழுங்கிவிடும். ஒலியை மாற்றாமல் அனுப்பும் தேர்வு ஜூமின் அமைப்புகளிலேயே இருக்கிறது. இசை வகுப்பில் சேர்ப்பவர்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான். அத்துடன், இரு வீடுகளிலும் ஒரே கட்டையில், அதாவது ஒரே சுர உயரத்தில், தனித்தனியாக ஸ்ருதி ஒலிக்க வேண்டும்.

கைப்பேசியை முகத்துக்கு நேராக வைத்தால் போதும் என்று நினைக்கலாம், போதாது. ஆதி தாளத்தில் ஒரு தட்டுக்குப் பின் சுண்டுவிரலில் தொடங்கும் மூன்று விரல் எண்ணிக்கையும், அடுத்து வரும் இரண்டு திருதங்களும் (ஒரு தட்டும் ஒரு வீச்சும் சேர்ந்தது ஒரு திருதம்) தொடையின் மீது நிகழ்பவை. அந்தக் கை திரைக்குள் இல்லையென்றால், பிள்ளை ஒரு விரலை விழுங்கிவிட்டு அடுத்த ஆவர்த்தத்துக்கு, அதாவது அடுத்த தாளச் சுற்றுக்கு, ஓடுவதை ஆசிரியையால் காண முடியாது. எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடிப்பவர் அவளுடைய ஆச்சி. வகுப்பு இல்லாத நாட்களில் எதிரே அமர்ந்து தாளம் போடும் அவர், "ஏட்டி, விரலை விட்டுட்டு எங்க ஓடுத?" என்று அதட்டும் அதட்டல், கட்டணம் கட்டிப் பெறும் வகுப்புக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. உடன் அமர ஆள் இல்லாத வீட்டில் இவ்வகை வகுப்பில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பரதநாட்டியத்தை இணையவழியில் கற்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்த அரைமண்டி நிலையில் முழங்கால் திரும்பும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்தாவிட்டால் பின்னாளில் மூட்டு வலிதான் மிஞ்சும்.

சதுரங்கம் மட்டும் திரையில் இயல்பாகப் பொருந்துகிறது. 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக வாகையர் ஆன பிறகு, எங்கள் தெருவிலும் அந்த வகுப்புகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. ஆனால் இணையத் தளங்களில் பெறும் புள்ளிகள் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரவரிசையில் சேர்வதில்லை. அதற்கு நேரில் சென்று ஆட வேண்டும். அங்கே தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும், காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தையும் அழுத்த வேண்டும். திரையில் மட்டுமே ஆடிப் பழகிய என் தங்கை மகன், யோசிக்கும்போதெல்லாம் குதிரையின் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறான். பாளையங்கோட்டைப் பக்கம் போட்டி எதற்கும் அழைத்துச் செல்லும் முன் அந்தப் பழக்கத்தை நிறுத்தியாக வேண்டும் என்பதால், மாலையில் மரப் பலகையை விரித்து அவனோடு நானே ஆடத் தொடங்கியிருக்கிறேன்.